புதுமனை புகுவிழாவில் அம்மா சரிசெய்த ஆம்ப்ளிபையர்

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளின் வணக்கம். அம்மாவைப் 'பொறுமையின் வடிவம்' என்று எழுதும்படி அப்பா கேட்டுக்கொண்டார். அம்மாவைத் தெரிந்தவர்கள் சிரித்துவிடுவார்கள் என்பதால் நடந்ததையே எழுதுகிறேன்.

அம்மா சத்தியமங்கலத்துக்கு அருகே பிறந்தவர். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. திருமணமாகிக் கோவைக்கு வந்ததும் கணபதியில் ஒரு மோட்டார் பட்டறையில் செம்புக் கம்பியைச் சுருளாக, அதாவது காயிலாக, சுற்றும் வேலைக்குச் சேர்ந்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் அதே வேலை. விரல் நுனியில் வார்னிஷ் கறை போகவே போகாது. விசேஷ நாட்களில் அதை மறைக்க மருதாணி வைத்துக்கொள்வார்.

அவருக்கு இருந்த ஒரே மனக்குறை, அவருடைய அண்ணன், அதாவது என் மாமா. என் காதுகுத்து அழைப்பிதழில் தாய்மாமன் பெயரே அச்சாகாமல் விட்டுப்போனது. மாமா பதினோரு ஆண்டுகள் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. "என் தப்புதானுங்கண்ணா" என்று அம்மா எத்தனையோ முறை போய்ச் சொல்லியும் அவர் மனம் இறங்கவில்லை.

எங்கள் புதுமனை புகுவிழாவுக்கு மாமா வந்தார். பந்தலின் கடைசி வரிசையில், செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "மொகத்தைக் காட்டிட்டுப் போலாம்னு வந்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று பொதுவாகச் சொல்லி வைத்தார்.

அப்பா நான்கு பக்க நன்றியுரை எழுதி, ஒரு மாதமாகக் குளியலறையில் பேசிப் பழகியிருந்தார். மைக்கைப் பிடித்து "பெரியோர்களே" என்றார். முன்வரிசைக்கே கேட்கவில்லை. ஒலிபெருக்கி வைத்த பாய், முன்னறையில் இருந்த ஆம்ப்ளிபையரை இரண்டு தட்டுத் தட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தம் மட்டும் இல்லை.

"டிரான்ஸ்பார்மர் போயிருச்சாட்ட இருக்குதுங்கக்கா. காந்திபுரம் கொண்டுபோனாத்தானுங்க ஆகும்."

அம்மா குனிந்து முகர்ந்து பார்த்தார். "எரிஞ்ச வாசமே இல்லீங்களே பாய்!"

பட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பியூஸ் நன்றாக இருந்தது. வேறு ஸ்பீக்கரை வேறு ஒயரில் மாட்டச் சொன்னார், சத்தமில்லை. அப்பாவிடமிருந்து மைக்கை வாங்கிவரச் சொல்லி வேறு துளையில் செருகிப் பார்த்தார், அப்போதும் இல்லை.

"அப்ப ரெண்டுக்கும் நடுவுலதானுங்க கோளாறு" என்று பிளக்கைப் பிடுங்கி, சற்றுப் பொறுத்து மூடியைக் கழற்றினார். உள்ளே ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர், பற்றவைத்த இடத்தில் விட்டுப்போய்ச் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா புது வீட்டுக்கு முதலில் கொண்டுவந்து வைத்த பொருள் பால் பாத்திரம் என்று ஊருக்குச் சொன்னோம். உண்மையில் அது சால்டரிங் அயர்ன்.

அவர் பற்றவைத்து, பிளக்கை மாட்டியபோது நான் வாசலிலிருந்து ஓடிவந்து, "அம்மா, மாமா கெளம்பறாருங்க" என்றேன்.

அடுப்படியில் கிரைண்டர் ஓடிய இரைச்சலில் எங்களுக்கு வெளிச்சத்தம் எதுவும் கேட்கவில்லை. மைக் அம்மாவின் மடியருகே கிடந்தது.

"அண்ணன் சாப்புடாம போனாருன்னா எனக்கு ஒரு வாய் எறங்குமா கண்ணு? அந்தப் பேரை உட்டது நானா? உங்கப்பாதான் அச்சாபீசுல படிச்சே பாக்காம சரீன்னு சொல்லிப்போட்டு வந்தாரு. மச்சான் முன்னால அவரு தலை குனியக் கூடாதுன்னு நாந்தான் என் தப்புன்னு சொல்லிப்போட்டேன். ஆருகிட்டயும் சொல்லீராத."

வெளியே போயிருந்த பாய் வாசலிலிருந்து மெல்ல எட்டிப் பார்த்தார். "அக்கா, ரெண்டு வீதிக்கு நல்லாக் கேக்குதுங்க."

வெளியே பந்தல் முழுவதும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது. நான்கு பக்கத்தையும் மார்போடு அணைத்து நின்றார் அப்பா. பந்தல் வாசல்வரை போன மாமா திரும்பி வந்தார்.

"ஏனுங்க மாப்ள, நெசந்தானுங்களா?"

"நெசந்தானுங்க மச்சான். அன்னைக்குக் கண்ணாடிய ஊட்லயே உட்டுப்போட்டுப் போயிட்டனுங்க."

 "ஒரு கண்ணாடிக்கா பதினோரு வருசம்!" என்ற மாமா, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அம்மா தரையிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"எந்திரி அம்மணி. எலை போடச் சொல்லு" என்றார் மாமா.

அன்று நன்றியுரை நடக்கவில்லை. வந்தவர்கள் யாரும் குறையாக நினைக்கவும் இல்லை.

பின்னர் சிறுநீரகக் கோளாறால் அம்மா படுத்த எட்டு மாதமும் மாமா வாரந்தவறாமல் வந்து, கட்டிலருகே அமர்ந்து கதை பேசினார். மருத்துவமனையில் படுக்கையை உயர்த்தும் மோட்டார் சத்தத்தைக் கேட்டு, "பேரிங் போகப்போகுது, சொல்லி வையுங்க" என்று அம்மா செவிலியரிடம் சொன்னார். மறுவாரம் அது நின்றது. அம்மாவும் அந்த வாரமே எங்களை விட்டுப் போனார்.

இரவு பகல் பாராமல் கவனித்த செவிலியர்களுக்கும், சோறு சமைத்துக் கொடுத்தனுப்பிய அண்டை வீட்டாருக்கும், இறுதிச் சடங்குக்குக் கட்டணம் வாங்காமல் ஒலிபெருக்கி வைத்த பாய்க்கும், இன்றும் வந்திருக்கும் மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எங்கள் மிக்ஸி மூன்று மாதமாக ஓடவில்லை. அதைக் கடையில் கொடுக்க அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை.