ஞாயிற்றுக்கு ஒரு பாட்டு

இசைத்தட்டை அவர் வாயால் ஊதித் துடைப்பதில்லை. எச்சில் தெறிக்கும் என்பார். பழைய பனியனிலிருந்து வெட்டிய துண்டுத் துணி ஒன்று எட்டாக மடித்து ஒரு தகர டப்பியில் இருக்கும். அதை எடுத்து, கோடுகள் ஓடுகிற வாக்கிலேயே மூன்று சுற்றுத் துடைப்பார். துணியைத் திருப்பி வெளிச்சத்தில் பார்ப்பார். தூசி இருந்தால் நான்காவது சுற்று. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாலு மணி பத்து நிமிடம். கூடத்தில் மூன்று நாற்காலிகள். அதற்குமேல் யாரும் பேசக் கூடாது.

அடுத்து சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பட்டை வெளியே வரும். இசைத்தட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் இப்படி ஒரு பட்டை செய்து வைத்திருக்கிறார். எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்று விளிம்பிலிருந்து மில்லிமீட்டர் அளந்து பென்சிலால் கோடு போட்ட பட்டை. ஊசி இறங்கும்போது முந்தைய பாட்டின் வால் கேட்கக் கூடாது, இந்தப் பாட்டின் தலையும் போய்விடக் கூடாது. முப்பத்து நான்கு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். மாடித் தரையும் லிஃப்ட்டின் தரையும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், ஏறுகிறவர் கால் தடுக்கக் கூடாது என்று பழகிய கை. அந்தக் கைதான் ஊசியையும் இறக்குகிறது.

கம்பெனியில் அவரைக் "காது" என்றுதான் கூப்பிடுவார்கள். மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குள் போய், எதையும் திறக்காமல், கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பார். "கயிறு உரசுது" என்பார். "பேரிங் போகப்போகுது. மூணு வாரம் தாங்கும்" என்பார். பின்னாலேயே மீட்டரோடு வரும் இஞ்சினியர்கள் அரை மணி நேரம் அளந்துவிட்டு அதையே சொல்வார்கள். எந்தக் கட்டடத்தில் புதிராக ஒரு சத்தம் வந்தாலும், "காதைக் கூப்பிடுங்க."

வீட்டில் இந்தப் பெயருக்கு மரியாதை குறைவு. "ஊருக்கே காது. கெட்டில் கத்து கத்துன்னு கத்துது, பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிக்கிறாரு" என்பார் மனைவி. சில மாதங்களாக இந்தப் புகார் அடிக்கடி வந்தது. கல்யாணமாகி முப்பது வருடம் ஆனால் எல்லாக் கணவர்களும் இப்படித்தான் என்று அவர் தம்பி சமாதானம் சொல்வார்.

அந்தத் தம்பி, அதாவது காதுக்காரரின் மைத்துனர், பஸ் ஓட்டுகிறவர். இரண்டாவது நாற்காலி அவருடையது. மூன்றாவது, கீழ்த்தளத்தில் துணிகளைப் பிரித்துத் திருத்தித் தைத்துக் கொடுக்கும் தையல்காரம்மாவுக்கு. ஞாயிறன்றும் கழுத்தில் அளவு நாடாவோடுதான் வருவார். இந்த மூன்று பேரையும் சேர்த்து வைத்தது ஒரு பழைய ராக் இசைக் குழு. நாலு பேர், தோள் வரை முடி. காதுக்காரர் பதினேழு வயதில் அவர்களுடைய முதல் இசைத்தட்டை வாங்கினார். பதினோரு தட்டுகள், நூற்றுப் பதினெட்டுப் பாட்டுகள் போட்டுவிட்டு, நால்வரும் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். டிரம்ஸ் வாசித்தவர் உட்பட இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. பாட்டின் மொழி இவர்களுக்கு அரைகுறை. அதனால் வார்த்தைகளைப் பற்றி மூவருக்கும் மூன்று கருத்து உண்டு, தகராறு இல்லை.

"மொத்தமாப் போட்டா மொத்தமா மறந்துபோகும்" என்று தொடங்கி வைத்தவர் காதுக்காரர்தான். முதல் தட்டின் முதல் பாட்டிலிருந்து வரிசையாக, ஞாயிற்றுக்கு ஒரு பாட்டு, ஒரே ஒரு தடவை. முடிந்ததும் ஐந்து நிமிடம் மௌனம். பிறகு ஆளுக்கு ஒரு பேச்சு. நூற்றுப் பதினெட்டும் முடிகிற வரை கேட்ட பாட்டை மறுபடி போடுவது கிடையாது.

"என்ன மாமா, ஒன்வேயா? ரிவர்ஸே கிடையாதா?" என்று மைத்துனர் கேட்டார்.

"கிடையாது."

நீண்ட கணக்கு நோட்டு ஒன்றில் எல்லாம் பதிவாகிறது. வரிசை எண், தேதி, பாட்டின் நீளம், வந்தவர்கள், வெயிலா மழையா, கடைசியில் அகலமாகக் குறிப்பு. இதுவரை இரண்டு ஞாயிறுதான் தவறியிருக்கிறது. "மைத்துனருக்குக் காய்ச்சல்." "மின்சாரம் இல்லை." எழுதினதைத் திருத்த நேர்ந்தால் ஒற்றைக் கோடுதான் அடிப்பார், அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். கிறுக்கி மறைப்பது திருட்டு என்பது அவர் கட்சி.

ஏழாம் பாட்டுக்கு எதிரே இப்படி இருக்கிறது: "நாற்பத்தெட்டாவது விநாடியில் சிம்பல். கண்ணாடித் துண்டுகளை மாடிப்படியில் கொட்டினது போல." டிரம்ஸுக்கு மேலே நிற்கும் அந்தப் பித்தளைத் தகடுகள் மேல் அவருக்குத் தனிப் பிரியம். குழு முழுவதையும் தாங்குவது அந்த ஓசைதான் என்பார். தையல்காரம்மாவுக்கும் டிரம்ஸ் என்றால் உயிர். "நாள் முழுக்கக் காலால மிஷின் மிதிக்கிறவளுக்கு டிரம்ஸ் புரியாதா?" என்பார்.

எழுபத்தோராம் பாட்டில், அதாவது ஏழாவது தட்டின் தொடக்கத்தில், குறிப்பின் தொனி மாறுகிறது. "சிம்பல் மங்கல். ஒலிப்பதிவு சரியில்லை." எழுபத்து நான்கு: "டிரம்ஸ்காரர் அலட்சியம்." எழுபத்தேழு: "குடிப்பழக்கமாக இருக்கலாம்." எண்பத்து மூன்று: "கையில் உயிர் இல்லை." தொண்ணூறு வரைக்கும் இருபது பாட்டுகள், அவற்றில் பதினான்குக்கு டிரம்ஸ்காரர் மேல் குற்றம் எழுதியிருக்கிறது.

"அண்ணே, நல்லாத்தானே அடிக்கிறாரு. நடுவுல சலசலன்னு எவ்வளவு அழகா விட்டாரு" என்று தையல்காரம்மா வாதாடுவார்.

"எங்க விட்டாரு? ஏதோ கடமைக்கு அடிக்கிறான். மழை பெஞ்சு ஓஞ்சமாதிரி இருக்கு."

"செத்துப்போனவன் மேல கேஸ் போடாதீங்க மாமா. வந்து சாட்சி சொல்ல மாட்டான்" என்பார் மைத்துனர்.

அதே மாதங்களில் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றிலிருந்து புகார் வந்தது. மேல்தளத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர், லிஃப்ட் ஓடும்போதெல்லாம் கீச்சென்று ஒரு சத்தம் வருவதாகவும் தலைவலி தாங்கவில்லை என்றும் எழுதியிருந்தார். காதுக்காரர் போனார், கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றார். அட்டையில் "சத்தம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டார். பத்து நாளில் மறுபடி புகார். மறுபடி போனார், மறுபடி "சத்தம் இல்லை." திரும்பி வந்து, "டீச்சர் காதுக்குத்தான் கிரீஸ் வைக்கணும்" என்று சொல்ல, பட்டறையே சிரித்தது.

தொண்ணூறாம் பாட்டு ஓடி முடிந்த ஞாயிறன்று அவர் வழக்கம்போல, "உயிரே இல்ல" என்றார். தையல்காரம்மா அன்றைக்கு வாதாடவில்லை. எழுந்து அலமாரிக்குப் போய் முதல் இசைத்தட்டை உருவி எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஏழாம் பாட்டு போடுங்கண்ணே."

"கேட்டதப் போடறதில்ல."

"ஒரே தடவ. அன்னிக்கு அடிச்ச கையும் இன்னிக்கு அடிச்ச கையும் ஒண்ணுதான். நீங்களே கேளுங்க."

"அக்கா ரிவர்ஸ் கியர் போட்டுட்டாங்க" என்றார் மைத்துனர்.

காதுக்காரர் ஒப்புக்கொண்டார். வழக்கு தன் பக்கம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கைதான் காரணம். சிம்பல் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று இந்த அம்மா கேட்கட்டும். மூன்று சுற்றுத் துடைத்து, பட்டையை வைத்து அளந்து, ஊசியை இறக்கினார். கிட்டார் வந்தது. குரல் வந்தது. பெரிய டிரம் நெஞ்சில் இடித்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு, நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு.

கண்ணாடி எதுவும் கொட்டவில்லை.

மைத்துனர் கண்ணை மூடியபடி சிரித்துக்கொண்டிருந்தார். தையல்காரம்மாவின் விரல் முழங்காலிலிருந்து எழும்பி நின்றது. இரண்டு பேருக்கும் அது கேட்டிருக்கிறது. காதுக்காரர் குனிந்து ஊசியைப் பார்த்தார். ஒரு தூசியும் இல்லை.

"ஊசி தேஞ்சுபோச்சு" என்றார்.

"போன மாசம்தானே மாமா மாத்தினீங்க?" என்றார் மைத்துனர். அன்றைக்கு ஐந்து நிமிட மௌனம் இருபது நிமிடம் நீண்டது. தையல்காரம்மா நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். வாதத்தில் தோற்க வைக்கத்தான் அந்தத் தட்டை எடுத்து வந்தார், இதற்காக இல்லை.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகக் காதுக்காரர் எட்டு மாடிக் கட்டடத்துக்குப் போனார். கண்ணை மூடி நிற்கவில்லை. நேராக மோட்டாரைக் கழற்றினார். பேரிங் சூட்டில் நீலம் பாய்ந்து, குண்டுகள் அம்மை போட்டதுபோல் இருந்தன. மாற்றிவிட்டு, மேல்தளத்தில் கதவைத் தட்டினார்.

"சத்தம் இருந்துச்சுங்க. எனக்குத்தான் கேக்கல."

டீச்சர் கதவை அகலத் திறந்தார். "சரிப்பா. உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார்.

மருத்துவமனையில் சின்னக் கண்ணாடி அறை ஒன்றில் உட்காரவைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். முதலில் அமுக்கினார், பிறகு நீண்ட நேரம் அமுக்கவேயில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனை செய்யும் பெண் எதையோ திருப்பிக்கொண்டே இருப்பது தெரிந்தது. சோதனை முடிந்து வந்த வரைபடத்தில் கோடு நேராகப் போய், வலது ஓரத்தில் கிணற்றுக்குள் இறங்கியது.

"கூர்மையான சத்தமெல்லாம் போயிடுச்சு. திரும்ப வராது" என்றார் டாக்டர்.

"மிச்சம் இருபத்தெட்டு வாரம் தாங்குமா?"

"அது என்ன இருபத்தெட்டு?"

"ஒரு வேலை பாக்கி இருக்குங்க."

பேச்சுக்குக் கருவி உதவும், பாட்டுக்கு உறுதி இல்லை, இறங்குவது எந்த வேகத்தில் இறங்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். பேரிங்குக்கு நாள் குறித்துக் கொடுத்தவருக்குத் தன் காதுக்கு ஒருவர் நாள் குறிக்க மாட்டேன் என்றது பிடிக்கவில்லை.

அவரே கடிதம் எழுதிக் கொடுத்து, கோளாறு பார்க்கும் வேலையிலிருந்து உதிரிபாகக் கிடங்குக்கு மாறிக்கொண்டார். எட்டு மாடிக் கட்டடத்தின் விவரம் தேதியோடு அந்தக் கடிதத்தில் இருக்கிறது. அங்கேயும் அவர் பெயர் காதுதான். எப்படி நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் மட்டும் இப்போது அந்தப் பெயரைச் சற்றுத் தணிந்த குரலில் சொல்கிறார்கள். தணிக்க வேண்டிய அவசியமே இல்லை.

மனைவிக்கு விவரம் தெரிந்த அன்று அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "வேணும்னே பண்றீங்கன்னு நெனச்சு எவ்வளவு திட்டியிருக்கேன்."

"எதுவும் கேக்கல."

"அதான் எனக்கு வயித்தெரிச்சல்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நோட்டைத் திருத்தக் காதுக்காரருக்கு ஒரு மாலை பிடித்தது. எழுபத்தொன்றிலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, பதினான்கு குறிப்புகள் மேலும் ஒற்றைக் கோடு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், "டிரம்ஸ்காரர் மேல் பிழை இல்லை. கேட்டவர் மேல் பிழை" என்று எழுதித் தேதி போட்டார். முதலில் எழுதிவிட்டு மற்றவற்றுக்கு "மேற்படி" என்று போட்டிருக்கலாம். அப்படிப் போடவில்லை. பதினான்கு தடவையும் முழுதாக எழுதியிருக்கிறது. ஏழாம் பாட்டை இரண்டாம் தடவை போட்டதும் விதிமீறல் என்று தனியாகப் பதிவாகியிருக்கிறது.

கருவியை வாங்கி மாட்டிப் பார்த்தார். பேச்சு தெளிவாக விழுகிறது. பாட்டோ, தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கினமாதிரி இருக்கிறது. அதனால் ஊசி இறங்குவதற்கு முன் அதைக் கழற்றி, துணி வைக்கும் டப்பியில் போட்டுவிடுகிறார். பேசுகிற நேரம் வந்ததும் மாட்டிக்கொள்கிறார். நடுவே ஒரு ஞாயிறு, "வேணும்னா நாளுக்கு ரெண்டா ஓட்டிடலாம் மாமா, சீக்கிரம் முடிஞ்சிரும்" என்று மைத்துனர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். காதுக்காரர் தலையை ஆட்டி மறுத்தார். ஞாயிற்றுக்கு ஒன்று என்றால் ஒன்றுதான். எங்கே நிற்கிறதோ அங்கே நிற்கட்டும்.

போன ஞாயிறு தொண்ணூற்றாறாம் பாட்டு. இன்னும் இருபத்திரண்டு. நாற்காலிகள் முன்போல ஸ்பீக்கரைப் பார்த்து வரிசையாக இல்லை. காதுக்காரரின் நாற்காலி திரும்பி, தையல்காரம்மாவுக்கு நேர் எதிரே இருக்கிறது. யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. பாட்டு ஓடும்போது, சிம்பல் விழுகிற இடத்திலெல்லாம் அந்த அம்மாவின் ஆள்காட்டி விரல் முழங்காலிலிருந்து எழும்பித் தாழ்கிறது. விரல் எழும்பும்போதெல்லாம் காதுக்காரர் குறிப்புப் பத்தியில் ஒரு புள்ளி வைக்கிறார். பாதிப் பாட்டுக்குள் முப்பத்தொரு புள்ளிகள் ஆகிவிட்டன.

அந்தப் பாட்டின் முடிவில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்த பிறகும், கடைசியாக அடித்த சிம்பல் மட்டும் நெடுநேரம் ஒலிக்கிறது. தையல்காரம்மாவின் விரல் எழுந்தது, இறங்கவில்லை. காதுக்காரர் பேனா முனையைக் காகிதத்தில் வைத்தார், எடுக்கவில்லை. விரல் மிக மெதுவாகத் தாழத் தொடங்கியது. புள்ளி கோடாக நீண்டது. பத்தியைத் தாண்டி, பக்கத்தின் ஓரத்தை நோக்கி, விரல் முழங்காலைத் தொடும் வரை, அழுத்தத்தைக் குறைத்துக் குறைத்து அவர் இழுத்துக்கொண்டே போனார்.