குளியலறைக்கு ஒரு பலா அலமாரி

சென்ற ஆண்டு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து நான் வீடு திரும்பிய நான்காம் நாள், திண்டிவனத்திலிருந்து ஒரு மினி லாரி எங்கள் விழுப்புரத்து வீட்டு வாசலில் வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து கோலை ஊன்றி என் அண்ணி இறங்கினார். பின்னாலிருந்து இரண்டு ஆட்கள், போர்வை சுற்றிய ஒரு சாமானை இறக்கினார்கள். போர்வையைப் பிரித்ததும் என் மகள், “இது இன்னாம்மா, சாமி அலமாரியா?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. நெஞ்சு உயரத்தில், தேன் நிறத்துக்குப் பழுத்த இரண்டு கதவுகள். ஒரு கதவில் ஓடும் ரேகை அடுத்ததில் அப்படியே திருப்பிப் போட்டதுபோல் ஓடும். அது சோப்பும் சீயக்காயும் வைக்கிற குளியலறை அலமாரி என்றால் யார் நம்புவார்கள்? அதைச் செய்தவர் என் அண்ணிதான்.

எண்பதுகளின் நடுவில் அண்ணன், அண்ணி, அம்மா, நான் என்று நான்கு பேரும் திண்டிவனத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் விழுப்புரத்தில் டைப்பிஸ்ட். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். ஒரு நாள் அண்ணி பஸ்ஸை விட்டு இறங்கி முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மாதம் படுக்கை. எழுந்து கோல் பிடித்து நடந்த பிறகும் அவரால் குனிய முடியவில்லை. எங்கள் குளியலறையிலோ எல்லாமே தரையில்தான் இருக்கும். சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் கண்டிப்பு. வாளியை முக்காலியில் ஏற்றி வைத்துவிடலாம். சோப்பு, சீயக்காய் டப்பா, நனையாமல் இருக்க வேண்டிய மாற்றுத் துணி இவற்றை எங்கே வைப்பது? அதனால் தினமும் காலையில் நானும் கூடவே உள்ளே போவேன். எடுத்துக் கொடுத்து, தேய்த்துவிட்டு, துடைத்து, புடவை சுற்றி வெளியே அழைத்து வருவேன். அக்கம்பக்கத்தில் எனக்கு நல்ல பெயர். இப்படி ஒரு நாத்தனார் யாருக்குக் கிடைக்கும் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் அது இனிக்கத்தான் செய்தது.

ஒரு நாள் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது அண்ணி சொன்னார்: “நானே உள்ள போயி, நானே தாப்பா போட்டுக்கினு குளிக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

அவருடைய அப்பா கெடாரில் தச்சர். மகளுக்கு உளி பிடிக்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் கல்யாணம் ஆகும்வரை மரம் அறுக்கும் பெரிய வாளின் மறுமுனையைப் பிடித்தது அவர்தான். அங்கிருந்து வாள், இழைப்புளி, ஒரு பலாப் பலகை ஆகியவற்றை வரவழைத்தார். அம்மாவுக்குச் சிரிப்பு. “பாத்ரூமுக்கு யாராச்சும் மரத்துல அலமாரி பண்ணுவாங்களா?” என்று கேட்டார். இருந்த பலா ஒரே பலகை. முழு அலமாரிக்குக் காணாது. கூடு முழுவதையும் பேக்கிங் பெட்டிப் பலகையில் அடித்து, மேலே பலாவை மெல்லிய தகடாக அறுத்து ஒட்டுவதாக அண்ணி சொன்னார். அந்தத் தகட்டை அவர் தோல் என்பார். பெட்டிப் பலகையே போதாதா என்று அண்ணன் கேட்டதற்கு, “அத பாக்கறப்பலாம் நான் நோயாளின்னு தோணும். தோணக் கூடாது” என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அறுப்பு. பலகையை நிமிர்த்தித் தூணோடு கட்டி, இந்தப் பக்கம் நாற்காலியில் அண்ணி, அந்தப் பக்கம் நான். நான் வேகத்தைக் காட்டி இழுத்ததில் முதல் தோல் பாதியிலேயே கிழிந்தது. “இழுக்காதம்மா. நான் அனுப்பறேன், நீ வாங்கிக்க. அப்புறம் நீ அனுப்பு” என்றார். அதன்பின் அப்பளத்தைவிடச் சற்றே கனமாக எட்டுத் தோல்கள் இறங்கின. அறுத்த வரிசையிலேயே எண் போட்டு வைத்தார். அடுத்தடுத்து அறுத்த இரண்டை விரித்துப் பக்கத்தில் வைத்தபோதுதான் ரேகைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அன்றைக்கு அண்ணி மத்தியானச் சாப்பாட்டையே மறந்துவிட்டார்.

தச்சர் வீட்டில் ஒட்டுவதென்றால் வஜ்ரம்தான். மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை. நாற்றம் தெரு முனைவரை போகும். சூடாகப் பூசி, மேலே அம்மிக்கல்லும் அரிசி மூட்டையும் ஏற்றி வைத்தோம். இரண்டு நாள் கழித்து எடுத்தபோது கல்லாக இறுகியிருந்தது. வார்னிஷ் பூசி உள்ளே வைத்தோம்.

அண்ணி தனியாகக் குளித்தது ஒன்பதே நாள். பத்தாம் நாள் வெந்நீர் ஆவியில் கதவுத் தோல் பூரிபோல உப்பி, ஓரத்தில் சுருண்டு தொங்கியது. வஜ்ரம் வெந்நீரில் கரையும் என்பது அண்ணிக்குத் தெரியாததல்ல. அடுப்பில் தண்ணீர் விட்டுத்தானே அதைக் காய்ச்சினார். ஆனால் அவர் அப்பா செய்ததெல்லாம் கட்டிலும் கதவும். கிணற்றடியில் குளித்த ஊரில் குளியலறைக்கு யார் அலமாரி செய்தார்கள்? “பேருதான் வஜ்ரம்” என்று அம்மா சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை பழையபடி சோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒன்பது நாளாக அந்த வீட்டில் நான் வேண்டாதவளாகிவிட்டேன் என்று குமைந்துகொண்டிருந்தேன். குளித்து முடித்ததும் அண்ணி, “தண்ணிக்கு அசையாத பசை இருக்குதாம். பிளைவுட் கடைங்கள்ல கேட்டுப் பாக்கறியா?” என்றார். பார்க்கிறேன் என்றேன். மூன்று நாள் வேண்டுமென்றே மறந்தேன். அவர் மறுபடி கேட்கவே இல்லை. நான்காம் நாள் சாயங்காலம் வீடு திரும்பியபோது, கொல்லையில் வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டுப் போட்டு எட்டுத் தோலையும் கிழியாமல் உரித்து, எண் வரிசையில் காய வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். விரல்களெல்லாம் கொப்புளம். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு விழுப்புரத்தில் நான்கு கடை ஏறி, பவுடராக விற்கிற அந்தப் பசையை வாங்கி வந்தேன். தோல்களை மறுபடி ஒட்டியதும் அம்மிக்கல்லை நானே தூக்கி வைத்தேன். ஒரு வாரம் போனதும் அண்ணி, கொதிக்கக் கொதிக்க ஒரு செம்பு வெந்நீரைக் கதவின்மேல் ஊற்றினார். தோல் அசையவில்லை. கோலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது. பழக்க தோஷத்தில் நான் துண்டோடு வெளியே நின்றேன். ஈரத் தலையோடு வந்தவர், “இன்னும் இங்கியே நின்னுக்கினு இருக்கறியா? ஜல்தியா கெளம்பு, பஸ்சு போயிடும்” என்றார்.

அந்த அலமாரிதான் இப்போது என் வீட்டுக்கு வந்திருந்தது. அண்ணி ஆட்களை விட்டு அதைக் குளியலறையில் வைத்தார். சோப்பு, சீயக்காய், மாற்றுப் புடவை எல்லாவற்றையும் தன் கையாலேயே அடுக்கினார். நான் வாக்கரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மூன்று நாளாக என்னைக் குளிப்பாட்டிய மகள் துண்டோடு பின்னாலேயே வந்தாள். அண்ணி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“நீ வெளிய வாம்மா, அவ பாத்துப்பா” என்றவர் என்னைப் பார்த்து, “தாப்பாள நீயே போட்டுக்க” என்றார்.

போட்டேன். குளியலறைக் கதவில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு குளித்தேன்.