லென்ஸக்கா தொட்டுப் பார்த்த வண்டி

அவளுக்கு வயது நாற்பத்தாறு. அதில் இருபத்தோரு வருடம் அவள் வலது கையில் பாலிஷ் கிரைண்டர் ஓடியிருக்கிறது. சமையலறை மேடைக்கும் மாடிப்படிக்கும் கிரானைட் அறுத்துக் கொடுக்கிற பட்டறை அது. கல்லுக்குக் கடைசி மெருகு ஏற்றுவது அவள் வேலை. மெருகேறிய பலகையின்மேல் உள்ளங்கையை ஒரு தடவை ஓட்டினால் போதும், கண்ணுக்குத் தப்பிய கீறலைக்கூடப் பிடித்துவிடுவாள். அதனால் பட்டறையில் அவள் லென்ஸக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

போன மழைக்காலத்திலிருந்து அந்தக் கைக்கு எதுவும் தெரிவதில்லை. முதலில் விரல் நுனிகள் வெளுத்தன. பிறகு எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பிறகு எறும்பும் போய்விட்டது. இடது கையும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது, கொஞ்சம் மெதுவாக. யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் சூப்பர்வைசர் அன்றைக்கே பாலிஷ் மேசையிலிருந்து எழுப்பிவிடுவார். வழக்கம்போல் கையைப் பலகையின்மேல் ஓட்டுவாள். தலையைச் சாய்த்து, ட்யூப்லைட் வெளிச்சம் கல்லில் எங்கே உடைகிறது என்று கண்ணால் தேடுவாள். "இங்க ஒண்ணு இருக்கு" என்பாள். மற்றவர்கள் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பெரிதாகப் பயமும் இல்லை, வருத்தமும் இல்லை. வேலைக்குப் போவாள், வருவாள், டிவி முன்னால் உட்காருவாள். டிவி பாட்டுக்கு ஓடும்.

அவள் குடியிருப்பது தம்பியின் பேக்கரிக்கு மேலே இருக்கும் இரண்டு அறைகளில். அக்கா இப்படி உட்கார்ந்தே கிடப்பது தம்பிக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காட்டுப்பாதையில் ஓட்ட ஏடிவி வாடகைக்கு விடும் இடத்துக்கு அவளை இழுத்துக்கொண்டு போனான். பைக்கின் ஹேண்டில்பாரும் நாலு தடித்த டயரும் உள்ள வண்டி. கல்லிலும் வேரிலும் ஏறி இறங்கும்போது அது அவள் இடுப்பில் தட்டியது, முதுகில் தட்டியது. தட்டியது தெரிந்தது.

இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியதும், "ஒண்ணு வாங்கலாம்டா" என்றாள்.

பல மாதங்களாக உப்பு வேண்டும் என்றுகூடக் கேட்காதவள். தம்பி அன்று ராத்திரியே போனில் பழைய வண்டி விளம்பரங்களைத் திறந்துவிட்டான்.

"அக்கா, இதப் பாரேன். எழுநூறு சிசி. புலி மாதிரி நிக்குது."

"அந்த ஒத்தையடிப் பாதையில உன் புலிய எங்க போய்த் திருப்புவ? நானூறு போதும்."

"நானூறெல்லாம் பன்னு டெலிவரிக்குத்தான் ஆகும்."

"உன் பன்னுக்கு அதுவே அதிகம்."

ஒரு மாதம் இதே பேச்சு. மூட்டை சுமக்கிற கனமான ரகம் வேண்டாம். எடை குறைந்து, தாழ்வாக, பின்சக்கரத்துக்கு மட்டும் செயின் ஓடுகிற ஸ்போர்ட் ரகம் என்று முடிவானது. வேறு யாரோ கை வைத்து மாற்றிய வண்டியும் வேண்டாம், அவர்கள் செய்த தப்புக்கும் சேர்த்தல்லவா காசு கொடுக்க வேண்டியிருக்கும். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிற ஒன்றை எடுத்து, அடிவயிற்றுக்கு ஒரு இரும்புத் தகடு, ஹேண்டில்பாருக்குக் கைக்காப்பு, வேரில் வழுக்காத டயர், இவ்வளவு மட்டும் தாங்களே மாட்டிக்கொள்ளலாம். அச்சை அகலப்படுத்தலாம் என்றான் தம்பி. அந்தப் பாதையில் இரண்டு மரம் நெருங்கி நிற்கிற இடத்தை அவள் ஞாபகப்படுத்தியதும் விட்டுவிட்டான்.

விசாரித்த எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: பழைய வண்டியை எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கணும். விற்கிறவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் நோய் தெரியாது. போனதும் முதல் வேலை, எஞ்சினைத் தொட்டுப் பார்ப்பது.

கடைசியில் தேறிய வண்டி ஒரு நீச்சல் மாஸ்டருடையது. முதுகுவலி வந்துவிட்டதாம், ஓட்டுவதில்லையாம். வீட்டை ஒட்டிய ஷெட்டில், தார்ப்பாயை விலக்கிக் காட்டினார். தம்பி முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினான், ஆட்டம் இல்லை. ஏர் ஃபில்டரில் மண் இல்லை. செயின் பல் தேயவில்லை. லென்ஸக்கா டார்ச் அடித்துச் சட்டத்தின் வெல்டிங்கைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தாள், விரிசல் இல்லை.

"காலையிலேருந்து ஸ்டார்ட்டே பண்ணல. நீங்களே தொட்டுப் பாருங்களேன்" என்றார் மாஸ்டர்.

தம்பி குனிந்தவன், கையை இழுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

"அக்கா இருக்கும்போது நான் எதுக்கு? சார், இவங்க கை இருக்கே, அது கை இல்ல, மிஷினு. கல்லுல ஒரு முடி கெடந்தாக்கூடச் சொல்லிரும்."

"அய்யய்யோ! அப்ப நான் உஷாரா இருக்கணும்" என்று மாஸ்டர் சிரித்தார்.

"நீயே தொடுடா" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பான். வலது உள்ளங்கையை எஞ்சினின் பக்கவாட்டில் வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. அழுத்தினாள். ஒன்றும் தெரியாதபோது அழுத்திப் பார்ப்பது இப்போதெல்லாம் பழக்கமாகியிருந்தது. இரண்டு பேரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"ஆறித்தான் கெடக்கு" என்றாள்.

மாஸ்டர் பட்டனைத் தொட்டார். வண்டி ஒரே அழுத்தில் எழுந்தது. அரைமணி நேரத்தில் அது பேக்கரி வேனுக்குள் கட்டிக்கிடந்தது.

வழியெல்லாம் தம்பி வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். சிக்னலில் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். வாங்க அவள் நீட்டிய கையைப் பார்த்தவன் பாட்டிலை விடவில்லை.

"என்னக்கா இது?"

உள்ளங்கை நடுவில் சிவந்திருந்தது. இரண்டு கொப்புளம், நீர் கோத்து நின்றன. அவளும் குனிந்து பார்த்தாள், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல.

"எங்கயாவது பட்டிருக்கும்."

"எங்கயாவதா?"

பின்னால் ஹாரன் அடித்தார்கள். வேனை ஒரு டயர் கடை ஓரமாக நிறுத்தினான்.

"அந்த எஞ்சின் சுட்டிருக்கு."

"இருக்கும்."

"சுட்டது உனக்குத் தெரியல?"

"தெரியல."

"எவ்ளோ நாளா?"

"போன மழையிலேருந்து."

"அப்ப பட்டறையில என்னதான் பண்ற?"

"கண்ணால பாக்குறேன்."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இருபது பேரு வாயப் பொளந்துக்கிட்டு உன் கையப் பாக்குறானுங்க..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். டயர் கடைக்காரர் ஒரு ட்யூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் அதையே பார்த்தாள்.

"வண்டியத் திருப்பிக் குடுத்துரலாமாடா?"

"வண்டியப் பத்தி இப்ப யாரு கேட்டா?"

மறுநாள் காலை எஞ்சின் நிஜமாகவே ஆறிக் கிடந்தது. தம்பி பட்டனை அழுத்தி அழுத்தி பேட்டரி களைத்துப்போனது. கடைசியில் இருமி, புகை கக்கிக்கொண்டு எழுந்தது. மாஸ்டருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான்.

"காலைல கொஞ்சம் அடம் புடிக்கும் தம்பி, வேறொண்ணும் இல்ல" என்றார் அவர்.

"எஞ்சினைச் சூடு பண்ணி வெச்சிருந்தீங்களே சார்?"

"என்னப்பா பேசுற? தொட்டுப் பாத்து, ஆறிக் கெடக்குன்னு சொன்னது யாரு? உங்க அக்காதானே? மிஷின் மாதிரி கைன்னு நீதானே சொன்ன?"

தம்பி போனை வைத்துவிட்டான். அவள் வேலைக்குக் கிளம்பினாள். கையில் கட்டு. பஸ்ஸில் போகும்போதே பொய்யைத் தயார் செய்துகொண்டாள்: குக்கர் சுட்டுவிட்டது.

பட்டறையில் அது செல்லுபடியானது. சூப்பர்வைசர் கட்டைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"சரி, கட்டு பிரிக்கிறவரைக்கும் கிரைண்டர் பக்கம் போகாத. பலக வந்தா இடது கையால தடவி ஓகேவான்னு மட்டும் சொல்லு. உன் கை ஓகே சொன்னா நான் திரும்பக்கூடப் பாக்காம ஏத்திருவேன், தெரியும்ல?"

ஒரு மாடிப்படிக்கான பலகைகள் வண்டியில் ஏறக் காத்திருந்தன. ஏற்றுகிற ஆட்கள் கையுறையை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்கள். அவள் பலகையைத் தொடவில்லை.

"கட்டப் பிரிச்சாலும் தெரியாது சார்" என்றாள்.

"எது?"

"கீறலு. சூடு. எதுவும். வருஷமாகப் போகுது."

"காலங்காத்தால வெளையாடாத, லென்ஸு."

அவள் விளையாடவில்லை என்பது அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. கோபப்பட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். இதுவரை அனுப்பிய கற்களில் ஏதாவது திரும்பி வந்திருக்கிறதா என்று யோசித்தார். ஒன்றும் வரவில்லை. அது நினைவுக்கு வந்ததும் மறுபடியும் கோபப்பட்டார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. பசித்தது.

திங்கட்கிழமையிலிருந்து பாலிஷ் மேசைக்குப் பக்கத்து மேசைக்காரர் வருகிறார். அவளுக்கு அறுக்கும் பிரிவில், டேப் பிடித்து அளவு குறிக்கிற வேலை. காலையில் அடம்பிடிப்பது நிற்க எஞ்சினின் வால்வு இடைவெளியைச் சரிசெய்ய வேண்டுமாம், சனிக்கிழமை தம்பி வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோகிறான். வண்டியை அவள் ஓட்டலாமா என்று கேட்பதற்கு, நரம்பு டாக்டரிடம் அதே சனிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறார்கள்.