சிவப்புக் கோடு போட்ட நாற்பத்தொரு பேர்

இரும்புக் கம்பியின் முதல் அடி சுவரில் தொங்கிய கண்ணாடிச் சட்டத்தின் மேல் விழுந்தது. இரண்டாவது அடி நர்ஸின் வலது மணிக்கட்டில். எலும்பு ஒடிந்த சத்தம் வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

"என் வீட்டுக்காரர் காலை வெட்டி எடுத்துட்டாங்கடி! முழங்காலோட போச்சு!"

அடித்தவள், அந்தக் கிளினிக்கில் சர்க்கரைக்கு மருந்து வாங்கிவந்த ஒரு வெல்டரின் மனைவி. நர்ஸின் முடியைக் கொத்தாகப் பிடித்து மேஜை விளிம்பில் மோதினாள். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. டாக்டரோ மருந்து அறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். பெரிய வீரர்!

நர்ஸும் லேசுப்பட்டவள் இல்லை. பதினாறு வருஷமாக அந்தச் சின்ன கிளினிக்கில் சர்க்கரை நோயாளிகளைக் கட்டி மேய்த்தவள். வாய்க்காரி என்றுதான் பேர். வராதவர்களுக்குப் போன் போட்டுக் கிழி கிழியென்று கிழிப்பாள். "புண்ணு இல்லேன்னு நீ சொல்லாத. செருப்பைக் கழட்டு, நான் பாத்துச் சொல்றேன்!" கட்டின புருஷனைக்கூட அப்படித் திட்டியதில்லை. வெல்டர் நாலு திட்டு வாங்கினால் ஒரு தடவை வருவான்.

போன வருஷம் மேலிடம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பட்டியலில் நூற்றுக்கு எத்தனை பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று பார்த்து ஒவ்வொரு கிளினிக்குக்கும் மதிப்பெண். இவர்களுக்குக் கடைசி இடம். "மூணு மாசமா வராதவங்க பேரை அடிச்சிடும்மா. அவங்களால நாம ஏன் அசிங்கப்படணும்?" என்றார் டாக்டர். வெல்டரோடு சேர்த்து நாற்பத்தொரு பேர். சிவப்புக் கோடு போட்டது அவள் கைதான். மதிப்பெண் எகிறியது, பாராட்டுப் பத்திரம் கண்ணாடிச் சட்டத்தோடு சுவரில் ஏறியது. பட்டியலில் இல்லாதவர்களுக்குப் போன் கிடையாது. படுபாவி, அதை அவள் யோசிக்கவேயில்லை.

"போன் வரலையே, நமக்குச் சரியாயிடுச்சு போலன்னு சந்தோஷமா இருந்தாருடி! தீப்பொறி மரத்துப்போன பாதத்துல விழுந்து அழுகினதுகூடத் தெரியல அந்த மனுஷனுக்கு!"

மூன்றாவது அடியை நர்ஸ் தடுக்கவில்லை. தோளில் வாங்கிக்கொண்டாள். நாலு பேர் சேர்ந்துதான் அந்த அம்மாவை வெளியே இழுத்துப் போனார்கள்.

டாக்டர் வெளியே வந்தார். "போலீஸ் வருது. புகார்ல கையெழுத்துப் போடு."

"எந்தக் கையால போடச் சொல்றீங்க?"

ரத்தத்தைத் துப்பிவிட்டு அவள் பதிவேட்டைத் திறந்தாள். சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருந்த நம்பர்களை இடது கைக் கட்டைவிரலால் போனில் ஒவ்வொன்றாக அழுத்தினாள். "மாத்திரை போடுறியாய்யா? உடனே கிளம்பி வா!" மூன்று பேர் கிடைத்தார்கள். நாலாவது போனை ஒரு பெண் எடுத்தாள்.

"நர்ஸம்மாவா? அப்பா கடைசி வரைக்கும் உங்களைத்தான் கேட்டுட்டிருந்தாரு. இப்பல்லாம் திட்டுறதே இல்லையே, என் மேல கோவமோன்னு. அவரு போயி பதினோரு நாளாச்சும்மா."

போன் கீழே விழுந்தது. ஒடிந்த கையாலேயே மேஜையை ஓங்கி ஓங்கிக் குத்தினாள் அவள், வரிசையில் இருந்தவர்கள் ஓடிவந்து பிடிக்கும்வரை.