மாமல்லபுரம், இரண்டாம் சனிக்கிழமை: தீக்காயம் பட்டவர்களும் கூட வருபவர்களும்

இந்த வலைப்பூவில் இதுவரை பிரியாணிக் கடை, ஏரிக்கரை, வண்டி நிறுத்த நல்ல இடம் என்று எழுதிக்கொண்டிருந்தவன் நான். இந்தப் பதிவு அப்படிப்பட்டது இல்லை. மாமல்லபுரம் என்ற பெயரைப் பார்த்துக் கடல் பார்க்க வந்தவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். வீட்டில் ஒருவருக்குப் பெரிய தீக்காயம் பட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்து, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

என் மனைவி சாந்தி ஒன்றரை வருடத்துக்கு முன்னால் காலையில் பால் காய்ச்சும்போது அவள் நைட்டியில் தீப்பிடித்தது. கழுத்து, மார்பு, இரண்டு கைகள். சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் எழுபத்தோரு நாள் இருந்தோம். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள், பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த நாலைந்து மாதத்தில் கழுத்துத் தோல் இறுகி, மோவாயை நெஞ்சுப் பக்கம் இழுத்துக்கொண்டது. இப்போது அவளால் தலையை நிமிர்த்த முடியாது. பஸ் போர்டைப் படிக்க வேண்டுமென்றால் இடுப்பிலிருந்து உடம்பையே பின்னால் சாய்க்கிறாள். தண்ணீர் குடிக்க ஸ்ட்ரா வேண்டும்.

இழுத்த தோலை விடுவிக்க இன்னொரு ஆபரேஷன் இருக்கிறது. டாக்டர் தேதியும் கொடுத்துவிட்டார். வருகிறோமா இல்லையா என்று போன மாதம் ஒரு திங்கட்கிழமைக்குள் சொல்லச் சொன்னார். சாந்தி மாட்டேன் என்றாள். முதல் தடவை தோலைச் சரியாக ஒட்டாததால்தான் இப்படி ஆனது, திரும்பவும் அவர்கள் கையிலேயே கழுத்தைக் கொடுப்பேனா என்பது அவள் வாதம். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. காரணம் கீழே வருகிறது. செங்கல்பட்டில் அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி மேடம்தான், மாமல்லபுரத்தில் மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை தீக்காயம் பட்டவர்கள் குடும்பத்தோடு கூடுகிறார்கள், முடிவெடுக்கும் முன் ஒருமுறை போய் வாருங்கள் என்றார். போன மாதம் போனோம்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். காலை 9.10 பஸ். இருவருக்கும் சேர்த்து 56 ரூபாய். போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள், வெயில் வலப்பக்கம் அடிக்கும். ஒட்டிய தோல் வியர்க்காது, அதனால் உடம்பு சீக்கிரம் கொதித்துப்போகும். இன்ஜின் பக்கத்து சீட் வேண்டவே வேண்டாம். ஈரத்துணி ஒன்று, குடை ஒன்று, ஸ்ட்ரா நாலு எடுத்துக்கொண்டோம்.

திருக்கழுக்குன்றத்தில் ஏறிய ஓர் ஆள் முன் சீட்டில் உட்கார்ந்து, முழுசாகத் திரும்பி, சாந்தியைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “இன்னாண்ணே, வூட்ல சண்டையா? தானா வச்சிகிச்சா?” இந்தக் கேள்வியை ஆஸ்பத்திரிக்கு வந்து வாக்குமூலம் எடுத்த மாஜிஸ்திரேட் கேட்டார், அது அவர் கடமை. போலீஸ் கேட்டது, பக்கத்து வீடு கேட்டது, என் சொந்தத் தம்பி பெண்டாட்டி கேட்டாள். பொண்டாட்டிக்குத் தீக்காயம் என்றால் புருஷனை ஒரு மாதிரி பார்ப்பது நம் ஊர் வழக்கம். அதற்குக் காரணமும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் சாந்தியே சொன்னாள்: “பால் காச்சினேன் அண்ணாத்த. முன்னாடி திரும்பி ஒக்காரு.” அவர் திரும்பிக்கொண்டார்.

10.20க்கு இறங்கினோம். பேருந்து நிலையத்திலிருந்து கூட்டம் நடக்கும் சமுதாயக் கூடம் ஒன்றரை கிலோமீட்டர்தான், ஆனால் நடக்காதீர்கள். வழியெல்லாம் சிற்பப் பட்டறை. கட்டர் மெஷினிலிருந்து பறக்கும் கல்தூள் புதுத்தோலில் பட்டால் அரிப்பு உயிரை வாங்கும். ஆட்டோவுக்கு 60 ரூபாய் கொடுத்தோம். கூடத்துக்குப் படிக்கட்டு இல்லை, கழிப்பறை சுத்தமாக இருக்கிறது, நாலு மின்விசிறியும் ஓடுகின்றன. கட்டணம் எதுவும் இல்லை. டீயும் சுண்டலும் அவர்களே தருகிறார்கள்.

நடத்துபவர் கோவளத்து மேரியம்மா. மீனவர் வீடு. பல வருடங்களுக்கு முன் படகுக்கு எடுத்து வைத்திருந்த பெட்ரோலில் தீப்பிடித்து இரண்டு கையும் வெந்தவர். இப்போது அந்தக் கையாலேயே எல்லோருக்கும் டீ ஊற்றுகிறார். ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் வந்து, தழும்பை அழுத்திப் பிடிக்கும் இறுக்க உடைக்கு அளவெடுக்கிறார், எண்ணெய் தேய்க்கும் முறையைக் காட்டுகிறார். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு எப்படி விண்ணப்பிப்பது, முதலமைச்சர் காப்பீட்டில் எந்த ஆபரேஷன் சேரும் என்று யாரிடம் கேட்பது, எல்லாம் பொறுமையாகச் சொல்கிறார்கள். அன்று பன்னிரண்டு பேர் இருந்தோம்.

அங்கே ஒரு பழக்கம் உண்டு. டீ முடிந்ததும் கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக, வீட்டில் தாங்கள் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். நோயாளிகள் எதிரிலேயே. புதிதாக வருபவர்கள் அதைச் செய்யாமல் இருக்கத்தான். ஒருவர் காயத்தில் பல் பேஸ்ட் தடவியதைச் சொன்னார். ஒருவர் கல்யாணத்துக்குப் போகும்போது அசிங்கமாக இருக்கிறதென்று இறுக்க உடையைக் கழற்றச் சொன்னதைச் சொன்னார். நான் என் முறைக்கு, வெயிலில் கூட்டிக்கொண்டு போனேன் என்று ஒரு சின்னத் தப்பைத் தயாராக வைத்திருந்தேன்.

எனக்கு முந்தைய ஆள் பேசிக்கொண்டிருந்தபோது மதுராந்தகம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்தார். பெண்ணுக்குப் பதினெட்டு வயது இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு நாள்தான் ஆகிறதாம். கழுத்தில் கட்டு. அம்மா கையில் புது உறை போட்ட தலையணை. மகளைப் பெஞ்சில் படுக்கவைத்து, தலையைத் தூக்கி, அடியில் தலையணையைப் பதமாக வைத்தார். அந்தத் தலையணையிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஏனென்றால் எங்களை வீட்டுக்கு அனுப்பிய அன்று சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன ஒரே விஷயம் அதுதான். கழுத்தில் காயம், தலையணை கூடாது, கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள், தோல் இழுத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மதியம் சாந்தி வலி தாங்காமல் தலையணை கேட்டு அழுதாள். கொடுத்தேன். அப்புறம் அதை எடுக்கவும் இல்லை, சிஸ்டர் சொன்னதை அவளிடம் சொல்லவும் இல்லை. கழுத்து இழுத்த பிறகு அவள் டாக்டரைக் குறை சொன்னாள். நானும் ஆமாம் என்றேன்.

இப்போது சொன்னால் சாந்திக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் கழுத்தும் போகும். உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன்: “அம்மா, அந்தத் தலையாணிய எடுத்துடுங்க. வைக்கக் கூடாதுன்னு எங்கிட்டயும் சிஸ்டர் சொன்னாங்க. நான் வச்சேன். என் பொண்டாட்டி கழுத்தப் பாருங்க.”

மேரியம்மா எழுந்து போய், தலையணையை உருவி அந்தப் பெண்ணின் தோளுக்கடியில் வைத்து, தலை மெதுவாகப் பின்னால் சாயும்படி செய்தார். பெண் வலியில் முனகினாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் சாந்தி பக்கம் திரும்பவில்லை, தைரியம் இல்லை.

மதியம் சாப்பாடு 110 ரூபாய், ஓட்டல் பெயர் கேட்காதீர்கள், ஞாபகமில்லை. கடற்கரைப் பக்கம் போகவில்லை. பேருந்து நிலையத்தில் 2.15 பஸ்ஸுக்கு நிழலில் உட்கார்ந்திருந்தபோதுதான் சாந்தி பேசினாள்.

“ஒரு வருசமா அந்த டாக்டர நான் திட்டிகினு கீறேன். நீ பக்கத்துல ஒக்காந்து தலைய ஆட்டிகினு கீற.”

நீ அழுததைப் பார்க்க முடியவில்லை என்றேன். எனக்கே அது எவ்வளவு கேவலமாக இருந்தது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

“வலிச்சா அழுவத்தான் அழுவாங்க. அப்புறம் நீ இன்னாத்துக்கு அங்க இருந்த?”

பஸ் வந்தது. திரும்பும்போது வலப்பக்கம் உட்கார வேண்டும், உட்கார்ந்தோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மருத்துவமனையிலிருந்து வரும்போது சொல்வதை எழுதி வாங்குங்கள், காயம் பட்டவர் காதில் விழும்படி சொல்லச் சொல்லுங்கள். அது அவர் உடம்பு. இறுக்க உடையை டாக்டர் போதும் என்று சொல்கிறவரை போட வேண்டும், இரண்டு செட் இருந்தால் துவைத்துப் போடலாம். பயிற்சியை வலிக்கிறதென்று நிறுத்தாதீர்கள். கூட இருப்பவர்களும் யாரிடமாவது மனம்விட்டுப் பேசுங்கள், மனநல ஆலோசகர் கிடைத்தால் வெட்கப்படாமல் போங்கள். நான் போகாமல் விட்டதால்தான் ஒரு பொய்யை ஒரு வருடத்துக்கு மேல் சுமந்தேன். அதைவிட மோசம், அந்தப் பொய்யை நம்பி அவள் ஆபரேஷனே வேண்டாம் என்றிருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை சாந்தி என் போனை வாங்கி, தானே ஆஸ்பத்திரிக்குப் பேசி வருகிறேன் என்று சொன்னாள். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, கூட இருக்க அவள் அக்கா வரட்டும் என்றாள். நானே இருக்கிறேன், இந்தத் தடவை அப்படிச் செய்ய மாட்டேன் என்றேன். அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

“வாணாம். நான் அழுதா நீ குடுத்துடுவ.”

அடுத்த வாரம் அட்மிஷன். நோயாளியுடன் தங்குபவர் என்ற இடத்தில் அவள் அக்கா பெயரை நான்தான் எழுதிக் கொடுத்தேன்.