வத்சலா மேடம் எடுத்துவைத்த வாக்கியம்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நம் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் தண்ணீர் லாரிக்காக வழக்கம்போலச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். நடுவில் வத்சலா மேடத்தின் தம்பி ஒரு வரி போட்டார்: "அக்கா விடியக்காலைல ஆஸ்பத்திரியில தவறிட்டாங்க." இதயக் கோளாறு. லாரிப் பேச்சு அதோடு நின்றது. எனக்குத் துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். இந்தக் கட்டடத்தைப் பற்றி வாய் திறந்து பேச இனி யாருமில்லை.

மூன்றாம் மாடியில் தனியாக வாழ்ந்த அவரை உங்களில் பலர் 'டிக்‌ஷனரி மேடம்' என்றே அழைத்தீர்கள். அடையாறிலிருந்து பஸ் பிடித்து மயிலாப்பூரில் ஒரு பதிப்பகத்துக்குப் போய், ஆங்கில–தமிழ் அகராதிக்கு உழைத்தார். சொல்லுக்கு ஓர் அட்டை. எடுத்துக்காட்டு வாக்கியத்தைத் தானாக எழுத மாட்டார். யாராவது நிஜமாகச் சொன்னதாகவோ எழுதியதாகவோ இருக்க வேண்டும். "நானா எழுதினா அந்தச் சொல் எனக்குத் தலையாட்டும் சார். அது எதுக்கு உதவும்?" என்பார். நம் கேட்டருகே மீன் விற்கும் அம்மா ஒருமுறை, "இன்னா எழுதிக்கினே கீற, நீ போலீசா?" என்று கேட்டதை நானே பார்த்தேன். மேடம் அதையும் எழுதிக்கொண்டார்.

இரண்டு வருடங்களுக்கு முன் கார் நிறுத்துமிடத்தில் சிமெண்ட் பூச்சு பெயர்ந்து விழ ஆரம்பித்தது. மேடம் தனக்குத் தெரிந்த பொறியாளர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் இரண்டாவது தூணைத் தட்டித் தட்டிக் கேட்டார், முகம் மாறியது. உடனே இரும்பு முட்டுக் கொடுங்கள், தூணை உடைத்துப் பாருங்கள், அதுவரை மேலே இருக்கும் முதல் மாடி வீட்டைக் காலி செய்யுங்கள் என்று கடிதம் எழுதினார். அந்த வீடு என்னுடையது. சங்கச் செயலாளர் என்பதால் கடிதமும் என் கைக்கே வந்தது.

அப்போது என் மகள் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. பந்தி போட வேண்டிய இடத்தில் இரும்பு முட்டா? கொத்தனாரைக் கூப்பிட்டேன். கொஞ்சம் கொத்திப் பார்த்தவர், "சார், கம்பி பூரா துருப்புடிச்சுக் கீது. பூசிட்டா புதுசு மாரி இருக்கும், ஆனா நிக்காது. இன்னா சார், பூசிடவா?" என்றார். கல்யாணம் முடியட்டும், பூசு என்றேன். மேலே வெள்ளையடித்ததும் நீங்கள் எல்லோரும் வந்து பாராட்டினீர்கள். பந்தியன்று மேடம் மட்டும் கேட்டுக்கு வெளியே நாற்காலி போட்டுச் சாப்பிட்டார். கிறுக்கு என்று சிரித்தோம்.

வெள்ளையடித்த கையோடு, கல்யாணத்துக்கு முன்பே நான் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தேன். வங்கியில் முப்பது வருடம் சுற்றறிக்கை எழுதித் தேய்ந்த கை, சும்மா இருக்குமா? "நாற்பது ஆண்டுகளாக மழையையும் புயலையும் தாங்கி நின்ற கட்டடம் இது, ஆகவே இதன் உறுதி பற்றிக் கவலை தேவையில்லை." கடிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

இரண்டு நாள் கழித்து மாடிப்படியில் மேடம் என்னை நிறுத்தினார். "ஸ்பீஷியஸ்னு ஒரு சொல். ஆறு மாசமா வாக்கியம் தேடிக்கிட்டிருந்தேன். உங்க சர்க்குலர்ல கிடைச்சுது."

பெருமையாக இருந்தது. அர்த்தம் கேட்டேன்.

"பார்க்கச் சரியா இருக்கும், ஆனா சரியில்ல."

"நம்ம வெள்ளையடிச்ச தூண் மாதிரியா?" என்று கிண்டல் செய்தேன்.

"இல்ல சார். இப்பல்லாம் அதைத் தூணுக்கு அதிகமாச் சொல்றதில்ல. தூணைப் பத்தி நீங்க எழுதினதுக்குச் சொல்லுவாங்க. பச்சைப் பொய்க்கு வேற சொல் இருக்கு. இது கேக்க நியாயமா இருக்கும், கேக்கறவங்களும் நம்பத் தயாரா இருப்பாங்க." பிறகு மெதுவாகச் சொன்னார்: "நாப்பது வருஷம் நின்னுடுச்சேங்கறதுதான் சார் கவலை. நீங்க அதையே ஆறுதலாக்கிட்டீங்க."

கோபத்தில் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. கல்யாணம் முடிந்தது, கடிதம் என் மேஜை இழுப்பறைக்குள்ளேயே கிடந்தது. சங்கக் கூட்டங்களில் அவர் எழுந்தபோதெல்லாம், என் சுற்றறிக்கையைக் காட்டி அவரை உட்கார வைத்தீர்கள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்காக இன்று வெட்கப்படுகிறேன்.

காரியங்கள் முடிந்தபின் அவர் தம்பி ஓர் அட்டையைக் கொண்டுவந்து தந்தார். குண்டுகுண்டான எழுத்தில் என் வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

தூணில் வெள்ளை உப்பி, பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருக்கிறது. என் படுக்கையறைக் கதவு பத்து நாளாக நிலையில் பொருந்துவதில்லை. என் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். பொறியாளரின் கடிதத்தை இதோடு இணைத்திருக்கிறேன். தயவுசெய்து முழுக்கப் படியுங்கள்.

பிரசவத்துக்கு வந்த மகள் குழந்தையோடு அந்த அறையில்தான் இருக்கிறாள். மத்தியானத் தூக்கம். இதை அனுப்பிவிட்டு அவளை எழுப்பப் போகிறேன்.