விழுந்தவுடன் எழும்புகிறவள்

என் மகன் உதைபந்து விளையாடும்போது விழுந்தால் இலேசில் எழும்பமாட்டான். ஏழு வயது. யாருடைய காலாவது உரசிவிட்டுப் போனாலே போதும், மணலில் மூன்று தடவை உருண்டு, முழங்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, யாரோ முறைகேடாகத் தட்டிவிட்டதுபோல "பவுல்! பவுல்!" என்று கத்துவான். தன் வாப்பாவோடு இருந்து தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியது. இடையில் ஒரு கண்ணை மட்டும் திறந்து, பந்து தனக்குக் கிடைக்குமா என்று பார்ப்பான். கிடைத்தால் துள்ளி எழும்புவான்.

ஒன்பது வயது மகள் அப்படியில்லை. அவள் விழுந்தாளா என்று நான் நிச்சயப்படுத்துவதற்குள் ஓடிக்கொண்டிருப்பாள். பின்னேரம் அஸர் தொழுத பிறகு, கரையில் ஏற்றிவைத்த தோணிகளுக்குப் பக்கத்தில், அயல் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் செருப்புகளைக் கோல் கம்பமாக வைத்து விளையாடுவார்கள். அதில் அவள் மட்டும்தான் பெண்பிள்ளை. நான் தோணி நிழலில் இருந்து பார்ப்பேன். அவள் பவுல் என்று கத்தி ஒருநாளும் நான் கேட்டதில்லை.

"ராத்தாவப் பாருங்க மகன். விழுந்தா எழும்பி ஓடுறா. நீங்க என்னெண்டா வலையில பட்ட மீன் மாதிரித் துடிக்கிங்க."

"அவக்கு நோகாது உம்மா. அவட கால் இரும்பு."

பிள்ளைகளின் வாப்பாவும் அதைக் கேட்டுச் சிரித்தார். "டீவியில வாற பொம்புளைகள்ற மெச்சும் அப்பிடித்தான். ஆம்பிளைகள் அளவுக்கு நடிக்கிறல்ல" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. என் வளர்ப்பு என்றுகூட நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் அவளுடைய நீளக் காற்சட்டையைக் கழுவுவதற்காக உள்பக்கம் புரட்டினேன். முழங்கால் இடம் தடித்து, மண்ணிறமாகக் காய்ந்து கிடந்தது. மண் அல்ல.

"இஞ்ச வாங்க மகள். காலக் காட்டுங்க."

காயத்தின் பொருக்கு துணியோடு பிய்ந்து வந்திருந்தது. அதற்குக் கீழே பழைய தழும்புகளும் இருந்தன.

"இது எப்ப?"

"செவ்வாக்கிழம."

"நோகல்லயா?"

"நொந்த."

"ஏன் சொல்லல்ல?"

அவள் தன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நீங்கதானே சொன்ன, காயம் பட்டா அண்டைக்கோட விளையாட்டு முடிஞ்ச எண்டு."

"அது தம்பிக்கும்தானே சொன்ன."

"இல்ல உம்மா. எனக்கு மட்டும்தான்."

யோசித்துப் பார்த்தேன். மகனுக்கு நான் சொன்னதெல்லாம், தண்ணீர்ப் பக்கம் போகாதே என்பதுதான். மகளிடம் முகத்தில் தழும்பு விழும், நாலு பேர் கதைப்பார்கள் என்றெல்லாம் சொல்லி, அந்த ஒரு நிபந்தனையோடுதான் அனுப்பியிருந்தேன். நான் நேர்மை என்று பெருமைப்பட்டது அவளுடைய பயம்.

உப்புப் போட்ட இளஞ்சூட்டுத் தண்ணீரால் கழுவினேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"நோகுதெண்டா கத்துங்க மகள்."

"கத்தினாலும் விளையாட விடுவீங்களா?"

"விடுவன்" என்றேன். சொல்லும்போது எனக்கே நிச்சயமில்லை. அந்தக் கிழமை முழுக்கக் குழம்பினேன். கால் முறிந்தால்? இன்னும் இரண்டு வருடத்தில் அவள் வளர்ந்துவிட்டால் ஊர் என்ன சொல்லும்? நான் செய்வது சரியா என்று இன்றும் தெரியாது.

காயம் ஆறியதும் போனோம். சிறிது நேரத்தில் ஒரு பெரிய பையன் பந்தை எடுக்கப் போய் அவள் காலைத் தட்டிவிட்டான். விழுந்தாள். ஒரு கையை ஊன்றிப் பாதி எழும்பியவள், பந்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். இத்தனை நாளும் இப்படித்தான் பார்த்தாளா? என்னையறியாமல் எழும்பிவிட்டேன். தோணி விளிம்பைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் இருந்தேன்.

"நொந்தா படுங்க மகள்!" என்று கத்தினேன். கிழிந்த வலையைப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முக்காட்டை இழுத்துவிட்டேன்.

அவள் சற்று நேரம் நம்பாமல் பார்த்தாள். பிறகு ஊன்றிய கையை மெதுவாக எடுத்து, மணலில் படுத்தாள். "பவுல்" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. "பவுல்!"

தம்பி ஓடி வந்தான். "அப்பிடி இல்ல ராத்தா! உருளணும்!"

ஒருதரம் உருண்டாள். சிரிப்பு வந்துவிட்டது. தட்டிவிட்ட பையன் கையை நீட்டித் தூக்கிவிட்டு, பந்தை அவள் காலடியில் வைத்தான்.

வீட்டுக்கு வரும் வழியில், நான் கேட்காமலே நின்று, காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டினாள். சின்னச் சிராய்ப்பு. "நோகுது உம்மா" என்றாள். நாளைக்கு விளையாட விடுவீங்களா என்று கேட்கவில்லை.

"எனக்கும்" என்று தம்பி தன் காலைத் தூக்கினான். அதில் ஒன்றுமே இல்லை.

இரண்டு காலிலும் ஊதிவிட்டேன்.